பாலில் கலக்கும் மாவை நிறுத்தினால் பிள்ளை என்னதான் சாப்பிடுவாள்?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பூரில் வசிக்கிறோம். மூத்தவளுக்கு நான்கு வயது. இளையவனுக்கு இரண்டு வயது நிறையப் போகிறது. நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால் பகலில் பிள்ளைகளை என் மாமியாரே பார்த்துக்கொள்கிறார். மூத்தவள் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், பள்ளியிலிருந்து திரும்பியதும் ஒரு டம்ளர், உறங்கும் முன் ஒரு டம்ளர் என மூன்று வேளையும் பால் குடிக்கிறாள். மூன்றிலும் கடையில் வாங்கும் சாக்லேட் சுவையுள்ள சத்துமாவு ஒரு பெரிய கரண்டியும், சர்க்கரை ஒரு தேக்கரண்டியும் சேர்க்கிறோம். மாவு கலக்காத பாலை அவள் தொடுவதே இல்லை. இட்லியானால் அரை, சோறானால் நான்கைந்து வாய். அதற்கும் கைப்பேசியில் படம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"சாப்பாடுதான் இறங்கவில்லை, பாலாவது உள்ளே போகட்டுமே" என்கிறார் அத்தை. பிள்ளை பசியோடு படுக்கக் கூடாது என்ற அவருடைய கவலை எனக்கும் உண்டு. இந்த மாவை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாற்றலாமா? டப்பாவின் மேல் இரும்பு, கால்சியம், வைட்டமின்கள் என்று நீண்ட பட்டியல் இருக்கிறதே, நிறுத்தினால் அந்தச் சத்துகளும் கிடைக்காமல் போய்விடுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஓய்வுபெற்ற செவிலி:

வணக்கம் சகோதரி. அரசு மருத்துவமனையொன்றின் குழந்தைகள் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறது என்று வரும் தாய்மார்களிடம், காலை முதல் இரவு வரை அதன் வாய்க்குள் போனவை அனைத்தையும், நடுவில் கொடுத்த ஒரு பிஸ்கட்டைக் கூட விடாமல், வரிசையாகச் சொல்லும்படி முதலில் கேட்போம். நீங்கள் எழுதியதை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு டம்ளர் 200 மில்லி என்றால் மூன்று டம்ளர் 600 மில்லி. சமன்படுத்திய பாலானால் அதில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கும். கரண்டிக்கு 20 கிராம் வீதம் 60 கிராம் மாவில் 225 கலோரி அளவுக்கு வரும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரைக்கு இன்னும் 60. ஆக, குடிப்பதிலேயே 630 கலோரிக்கு மேல் ஆகிவிடுகிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே 1,300 முதல் 1,400 கலோரிதான். நாளின் தேவையில் ஏறத்தாழப் பாதி டம்ளரிலேயே தீர்ந்துவிட்ட பிறகு, அரை இட்லியோடு அவள் எழுந்துவிடுவதில் வியப்பில்லை. அவளுடைய வயிறு சரியாகவே கணக்குப் பார்க்கிறது. நாம்தான் பாலைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது சர்க்கரை. இத்தகைய மாவுகள் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருப்பது உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். அந்த அளவென்றே வைத்துக்கொண்டால் 60 கிராம் மாவில் 18 கிராம், நீங்கள் தனியாகச் சேர்ப்பது 15 கிராம், மொத்தம் 33 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உங்கள் மகளுக்கு அந்த உச்சவரம்பு ஏறத்தாழ 34 கிராம். ஒரு பிஸ்கட்டோ மிட்டாயோ வாயில் படும் முன்பே அவள் அந்த எல்லையில் வந்து நிற்கிறாள். இரவில் இனிப்புப் பாலைக் குடித்துவிட்டுப் பல் துலக்காமல் உறங்கினால் முன்பற்கள் அரிக்கத் தொடங்கும். இதை வார்டில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

டப்பாவின் மேல் உள்ள பட்டியலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் இரும்பும் வைட்டமின்களும் சேர்க்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அந்த இரும்பைப் பாலில் கலந்து கொடுக்கும்போது, பாலிலுள்ள கால்சியமும் புரதமும் அதைக் குடல் உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. பாலிலோ இயல்பாக இரும்பு மிகக் குறைவு. பாலை அதிகமாகக் குடித்து உணவைக் குறைவாக உண்ணும் சிறு பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைபாடு வருவது மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இந்த மாவு வகைகளை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை.

மாவை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். அழுகையும் மல்லுக்கட்டும்தான் மிஞ்சும். முதலில் தனியாகப் போடும் சர்க்கரையை விட்டுவிடுங்கள். பிறகு கரண்டி மாவை முக்கால், அரை, கால் என்று சில வாரங்களில் குறைத்துக்கொண்டே வாருங்கள். பாலின் மொத்த அளவு நாளுக்கு 400 மில்லியைத் தாண்ட வேண்டாம். அதிலேயே ஏறத்தாழ 480 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கிறது, அவள் வயதுக்குத் தேவையானது 550 மில்லிகிராம். தயிரையும் மோரையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் பால் என்பதை மாற்றி, காலை உணவுக்குப் பிறகு பால் என்று வையுங்கள். இளையவனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை அல்லவா, அவனுக்கு இந்த மாவும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.


பொருநைத் தாத்தா:

நொய்யல்கரை மகளுக்கு வாழ்த்துகள். செவிலி அம்மா சொன்ன கணக்கு தெளிவாக இருக்கிறது. கேழ்வரகைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு, எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு என் மனைவி செய்யும் முறையை எழுதுகிறேன்.

கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி ஓர் இரவு ஊற வைத்து, காலையில் நீரை வடித்துவிட்டு ஈரத் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். துணி காயாமல் அவ்வப்போது நீர் தெளித்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முளை நீண்டுவிட்டால் கசக்கும். சிறிதாக இருக்கும்போதே நிழலில் பரப்பி நன்றாக உலர்த்தி, வெறும் சட்டியில் மணம் வரும் வரை இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாவில் கஞ்சி காய்ச்சினால், முளை கட்டாத மாவில் காய்ச்சுவதைவிட நீர்த்துப்போகும். சிலர் இதைப் பார்த்து மாவு கெட்டுவிட்டது என்று எண்ணுவார்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுப்பொருளை உடைத்துவிடுவதால் அப்படி ஆகிறது. அதனால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போட்டுக் காய்ச்சினாலும் கட்டியாகாது. சிறிய வயிறுள்ள குழந்தைக்குக் குறைந்த அளவிலேயே நிறைய உணவு சேரும். இளையவனுக்கு இது மிகவும் ஏற்றது.

இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டி சேர்க்கிறோம். வெள்ளைச் சர்க்கரை வேறு, கருப்பட்டி வேறு என்பது என் நம்பிக்கை. செவிலி அம்மா என்ன சொல்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.


ஓய்வுபெற்ற செவிலி:

ஐயா, முளை கட்டும் முறையை இவ்வளவு நேர்த்தியாக எழுதியதற்கு நன்றி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உள்ளது. நம் தானியங்களில் வேறெதிலும் இவ்வளவு கிடையாது. இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் முளை கட்டும்போது குறைகிறது என்பதும் கூடுதல் நன்மை.

கருப்பட்டியில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். அதில் சில தாது உப்புகள் உண்டு என்பது சரிதான். ஆனால் ஒரு குழந்தை உண்ணக்கூடிய அளவில் அவற்றால் கிடைக்கும் பயன் சிறிது. சர்க்கரையின் அளவோ வெள்ளைச் சர்க்கரைக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நல்லது என்று நினைத்தே கை தாராளமாகிவிடுகிறது என்பதுதான் என் கவலை. மணத்துக்காகச் சிறு துண்டு போடுங்கள், பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். இரண்டு வயதுக்குள் இருப்பவனுக்கு நன்கு கனிந்த வாழைப்பழத்தை மசித்துக் கஞ்சியில் சேர்த்தால் போதும், இனிப்பு தனியாக வேண்டியதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் அந்த வயதில் நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்க வல்லது.


வைகைப் பெண்:

எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. என் மகனுக்கு மூன்று வயது. பார்க்க மிகவும் மெலிந்திருப்பான். பாலைக் குறையுங்கள், இடையில் எதுவும் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் நன்றாகச் சாப்பிடும் உடல்வாகுள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தலாம். மெலிந்த பிள்ளையைப் பட்டினி போட்டுப் பசியை வரவழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உறவினர்கள் வந்தாலே "ஏன் இப்படி இளைத்துவிட்டான்" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே நானும் மாவு டப்பாவை வீட்டில் வைத்திருக்கிறேன்.


ஓய்வுபெற்ற செவிலி:

உங்கள் தயக்கம் நியாயமானது சகோதரி. கண்ணளவில் மெலிவு என்று முடிவு செய்ய வேண்டாம். எடையையும் உயரத்தையும் அங்கன்வாடியில் அளந்து, தாய் சேய் நல அட்டையிலுள்ள வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். முதல் ஆண்டில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல் மூன்று மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பின் ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான் கூடும், உயரம் மட்டும் ஆறேழு சென்டிமீட்டர் ஏறிவிடும். கொழுகொழுவென்று இருந்த குழந்தை நீண்டு மெலிவதும், முன்பைவிடப் பசி குறைவதும் அந்த வயதின் இயல்பு. வரைபடத்தின் கோடு அதன் போக்கில் ஏறிக்கொண்டிருந்தால் உறவினரின் கேள்விக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, உதடும் உள்ளங்கையும் வெளுத்திருந்தாலோ, பிள்ளை மண்ணையோ சுண்ணாம்பையோ தின்றாலோ, வீட்டிலேயே முயன்றுகொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பட்டினி போடச் சொல்லவில்லை. மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு வேளைச் சிற்றுண்டி, இவற்றுக்கு இடையே இரண்டரை மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். அவ்வளவே. எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த முறை உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பது. மெலிந்த பிள்ளைக்குச் சிற்றுண்டியில் சத்தைக் கூட்டுங்கள்: வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசையலாம், பருப்புக் கடைசலில் ஒரு கரண்டி நெய் விடலாம், முட்டை, நெத்திலிக் குழம்பு, உளுந்தங்களி எல்லாம் கொடுக்கலாம். முழு வேர்க்கடலையை மட்டும் ஐந்து வயதுக்குள் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும்.


தொடக்கப்பள்ளி ஆசிரியை:

நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட திட்டம் அது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ எதுவானாலும் காய்கறிச் சாம்பாரோடு வரும். கேரட்டை வாயில் வைக்கமாட்டான், கத்திரிக்காயைப் பார்த்தாலே எழுந்துவிடுவான் என்று தாய்மார் என்னிடம் சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவன் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் சாப்பிடுகிறார்கள். யாரும் ஊட்டுவதில்லை, யாரும் கெஞ்சுவதில்லை. வரும் முன் வீட்டில் பாலும் பிஸ்கட்டும் வயிறு நிறைய உண்டு வந்த பிள்ளைகள் மட்டும் தட்டைத் தள்ளி வைக்கிறார்கள். யார் அப்படி வந்தவர் என்பது எனக்குத் தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உங்கள் மகளையும் தனியாக உட்கார வைத்து ஊட்டாதீர்கள். நீங்கள் உண்ணும்போது உங்கள் பக்கத்திலேயே அவளுக்கும் ஒரு தட்டு வையுங்கள். புதிய காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறையோ அதற்கும் மேலோ கண்ணில் படவும் நாவில் படவும் வேண்டியிருக்கும். இரண்டு முறை வேண்டாம் என்றதுமே அது பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிறகு அந்தக் காயைச் சமைப்பதையே நிறுத்திவிடுகிறோம்.


மாம்பலத்து அப்பா:

கைப்பேசியைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவோம். அதுவரை பிள்ளைகள் என் தாயாரிடம். படம் ஓடும்போது வாய் தானாகத் திறக்கும், நாமும் ஊட்டிவிடுவோம். ஆனால் எதை உண்கிறோம், வயிறு நிறைந்துவிட்டதா என்பதைப் பிள்ளை கவனிக்கவே முடியாது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஊட்டும் நேரத்தை மட்டும் கூட்டினாலே பல வீடுகளில் அதைத் தாண்டிவிடும்.

நாங்கள் பிள்ளைகளின் இரவு உணவை ஏழு மணிக்கு மாற்றி, அந்த நேரத்தில் தாயாரையும் அவர்களோடு அமர்ந்து உண்ணச் சொன்னோம். பெரியவர்களின் கைப்பேசிகளும் அடுத்த அறைக்குப் போயின. அதுதான் கடினமாக இருந்தது. படத்துக்குப் பதிலாக வேலை கொடுத்தோம். பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது, கொழுக்கட்டை பிடிப்பது எல்லாம் மூன்று நான்கு வயதிலேயே செய்யக்கூடியவை. தான் ஆய்ந்த முருங்கைக்கீரை பொரியலாகித் தட்டுக்கு வரும்போது மகள் அதை மறுப்பதில்லை.

நொய்யல்கரை சகோதரிக்கு இன்னொன்று. மாமியாரிடம் "நீங்கள் செய்வது தவறு" என்ற தொனியில் இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். நாள் முழுவதும் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர் அவர். அவருடைய உதவி இல்லாமல் இதில் எதுவும் நடக்காது.


நொய்யல்கரை:

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம். செவிலி அம்மா சொன்ன அளவேதான் அச்சிட்டிருந்தது. அதை அத்தையிடமே படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் ஒருமுறை படித்துவிட்டு, "இதற்குச் சர்க்கரையையே கரைத்துக் கொடுத்திருக்கலாமே" என்றார். அதன் பிறகு நான் எதையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

அவர் தம் அம்மா வீட்டில் செய்துவந்த கொங்குச் சமையலை மீண்டும் எடுத்திருக்கிறார். அரிசிம்பருப்புச் சாதம், பச்சைப்பயறு கடைசல், கொள்ளு ரசம், சந்தகை என்று வாரத்தில் முறை வைத்துச் செய்கிறார். அரிசிம்பருப்புச் சாதத்தை மகள் இரண்டு முறை கேட்டு வாங்கி உண்கிறாள். மாலையில் பாலுக்குப் பதிலாகச் சுண்டலோ கொய்யாப்பழமோ கொடுக்கிறோம். இரவுப் பாலை நிறுத்தியதுதான் பெரும் போராட்டமாக இருந்தது. நாங்களும் ஏழரைக்கெல்லாம் இரவு உணவை முடிக்கத் தொடங்கிய பிறகு அது மெல்ல அடங்கியது. மாவு இப்போது கால் கரண்டிக்கு வந்திருக்கிறது. காய்கறிகளை இன்னும் ஒதுக்கத்தான் செய்கிறாள். ஆசிரியை சொன்னபடி தட்டில் வைப்பதை விடவில்லை.

மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனையும் செய்தோம். ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அத்தை அதைப் பாலில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்கிறார். மருந்து தொடங்கியது முதல் மலம் கறுப்பாகப் போவதும் எங்களுக்கு அச்சமாக இருக்கிறது.


ஓய்வுபெற்ற செவிலி:

பரிசோதனை செய்தது மிகவும் நல்லது. அவள் வயதில் 11க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை, 10.4 என்பது இலேசான நிலைதான், மருந்தும் உணவும் சேர்ந்து சரிசெய்துவிடும். பாலில் கலக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். பாலுக்கும் மருந்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட்டு, சிறிது எலுமிச்சைச் சாறு கலந்த நீரோடோ கொய்யாத் துண்டோடோ கொடுத்தால் வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். கீரைக்கும் பயறுக்கும் இதே முறைதான். கொள்ளு ரசத்தோடு நெல்லிக்காய்த் துவையல் வைப்பது அதனாலேயே நல்ல சேர்க்கை. உணவோடு தேநீர் கொடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மலம் கறுப்பது மருந்தால் வருவது, அஞ்ச வேண்டியதில்லை. பற்களில் கறை படியாமல் இருக்க மருந்தை நாக்கின் பின்பகுதியில் விட்டு, உடனே வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

அளவு இயல்புக்கு வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடலின் இருப்பு நிரம்புவதற்காக அதன் பிறகும் இரண்டு மூன்று மாதங்கள் தொடரச் சொல்வார்கள், மருத்துவர் சொல்லும் வரை கொடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கவில்லையென்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இளையவனுக்கு வாரம் இருமுறை கொடுக்க வேண்டிய இரும்புச்சத்துத் துளிமருந்து உங்கள் பகுதிச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ இலவசமாகக் கிடைக்கும். மூத்தவளின் மருந்துப் புட்டியைக் கட்டாயம் உயரத்தில், பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். அது இனிப்பாக இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை எடுத்துக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்துவிட்டால், பிள்ளை நலமாக இருப்பதுபோல் தோன்றினாலும் காத்திருக்காமல் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.